மேட்டூரிலிருந்து மடை வரைக்கும்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் சிறப்பாசிரியை. நல்ல பெண். ஒரே குறை, எதையும் கைபேசியில் பார்த்த பிறகுதான் நம்புவாள். இப்போது பயிற்சியெல்லாம் காணொளியிலேயே வந்துவிடுகிறதாம். வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததை, சிரித்த முகம் ஒன்று திரையில் தோன்றிச் சொல்லிவிட்டுப் போகிறதாம். அதில் ஒரு வரி அவளுக்குப் பிடிபடவில்லை.

"மேடம், புள்ள கேக்குற வரைக்கும் பொருளைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு நேரம்னு சொல்லலையே?"

"மேட்டூர்ல தொறந்த தண்ணி பாபநாசம் வந்து சேர்ற வரைக்கும்."

"அது பல நாள் ஆகுமே மேடம்!"

சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பாவம், அவளை அப்படி அந்தரத்தில் விட்டிருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், தேறினேன். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். மூன்று கால் மரம், நாலாவது கால் செங்கல். மேசையில் உட்கார வேலையும் இருக்கவில்லை. பள்ளிக்கு வர முடியாத சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதுதான் எனக்கு இட்ட வேலை. கழுத்து நிற்காத பிள்ளை, காது கேளாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை. எனக்கு ஒரு ஸ்கூட்டி, தோளில் ஒரு பெரிய துணிப்பை. பைக்குள் கிலுகிலுப்பை, பந்து, மணி, திருகுமூடி டப்பாக்கள். போன புதிதில் ஒரு கிராமத்தில் ஒரு பெண் வண்டியை மறித்துக் கையை நீட்டினாள். என்ன என்று கேட்டேன். வளையல் அளவு பார்க்கச் சொன்னாள்.

வேலையை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் ராஜேஸ்வரி மேடம். எங்கள் ஒருங்கிணைப்பாளர். ஒல்லி, நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அந்தப் புடவையைப் போலவே விறைப்பான பேச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். பிள்ளை தரையில் இருந்தால் தரையில் உட்காருவார், கட்டிலில் இருந்தால் கட்டில் ஓரத்தில். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்தப் புள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்ன குறை, என்ன வராது, டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அப்புறம். அலுவலகத்தில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பேச்சில் யார் 'பாவம்' என்ற சொல்லை விட்டாலும் அன்றைக்கு எல்லாருக்கும் சொன்னவர்தான் டீ போட வேண்டும். சேர்ந்த முதல் மாதம் முழுக்க நான்தான் போட்டேன். கொஞ்ச நேரம் முன்பு கவிதாவைப் பாவம் என்று எழுதினேனே, மேடம் பார்த்தால் இன்றைக்கும் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்.

அந்த நாளில் ஒருமுறை என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். டபராவில் காபியை ஆற்றி, நுரை தளும்பத் தம்ளரில் ஊற்றி, என் பக்கம் வைக்காமல் தன் பக்கம் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். காபியின் வாசனை மூக்கைத் துளைக்கிறது. நானாவது, வாய்திறந்து கேட்பதாவது! கையில் கொடுத்தாலே 'இப்பத்தான் குடிச்சேன்' என்று இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை 'சரி, கொஞ்சமா' என்று வாங்கிக்கொள்ளும் ஊரில் பிறந்தவள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். காபியில் ஆடை கட்டியது. கடைசியில் அவரே எடுத்துக் குடித்துவிட்டார்.

"வேணும்னா கேட்டிருக்கலாமே?"

"எப்படி மேடம் கேக்குறது?"

"வக்கணையாப் பேசுற உனக்கே கேக்க வரல. நீ போயிப் புள்ளைங்களக் கேக்க வைக்கப் போற."

உள்ளே போய்ப் புதுக் காபி கொண்டுவந்தார். அப்போதும் நான் கேட்கவில்லை. தம்ளரைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், மறுபடி தம்ளரைப் பார்த்தேன். உடனே நீட்டிவிட்டார். "பாத்தியா, இப்பக் கேட்டுட்ட. புள்ளைங்க இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். நான் எழுதிய எந்தப் பரீட்சையும் அந்த ஆடை கட்டிய காபி அளவுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இனி யாழினியிடம் வருகிறேன்.

பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, குடமுருட்டிக் கரையோரம் அவர்கள் வீடு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. நான் முதன்முதலில் பார்த்தபோது நாலு வயது. காதைச் சோதித்தாகிவிட்டது, நன்றாகவே கேட்கிறது. நடக்கிறாள், சிரிக்கிறாள், வந்தவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறாள். பேச்சு வரவில்லை. பேச்சு போகட்டும், கையை நீட்டி ஒன்றைக் காட்டுவதுகூட இல்லை. எதையும் கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? கேட்பதற்கு அந்த வீட்டில் இடமே விட்டால்தானே!

அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பெரியவர் அவருடைய அண்ணன் தங்கராசு. ஆறடி ஆள். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நிற்பவரோடு பேசியே பழகிய குரல். அவருடைய பையன்கள் படித்து முடித்துச் சென்னைக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய செல்லமும் சேர்ந்து யாழினி தலையில் இறங்கியது. நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்துக்குள் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளை வாழைத்தார் பக்கம் திரும்பினாள். திரும்பி முடிப்பதற்குள் பெரியப்பா பழத்தை உரித்து வாயில் வைத்துவிட்டார். மெல்லுவதற்குள் பெரியம்மா பால் டம்ளரோடு வந்து நின்றார். குடித்து முடிப்பதற்குள் அம்மா சுகன்யா வாயைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

பிள்ளையை மூலையில் போட்டுவைத்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே கோபப்படலாம், சண்டை போடலாம், மறுபடி மறுபடி போய் நிற்கலாம். இந்த வீட்டில் யாரோடு போய்ச் சண்டை போடுவது? அன்பு இடறி விழுந்தால் அடுத்த அன்பு தாங்கிக்கொள்கிறது. எனக்கும் வந்து உட்காரும் முன்பே இலையைப் போட்டுவிட்டார்கள்.

சுகன்யாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் போன நாட்களில் ஒருநாளும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்படி, கொல்லை, கூடம் என்று ஓடிக்கொண்டே இருப்பாள். ஓடும்போதும் ஒரு கண் பிள்ளை மேல் இருக்கும். "இந்தப் புருவம் சுருங்குனா தண்ணி டீச்சர். காதத் தேய்ச்சா தூக்கம். காலப் பின்னுனா பாத்ரூம்" என்று ஒப்பிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை பள்ளிக்கூடத்தில் உடைந்தது. வரும் ஜூனில் யாழினியைச் சேர்க்க வேண்டும் என்று நான்தான் உள்ளூர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையிடம் அவர்களைக் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனுஷி. சட்டப்படி சேர்த்துக்கொள்கிறேன், மனசாரவும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு சுகன்யாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆனா தண்ணி தாகம்னா எனக்கு எப்படிம்மா தெரியும்? இத்தன புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் புருவத்தையும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பேச வேணாம். எப்படியாச்சும் காட்டட்டும், போதும்."

திரும்பும் வழியில் சுகன்யா வேகமாக முன்னால் நடந்தாள். வாய்க்கால் மதகு வந்ததும் நின்றுவிட்டாள்.

"டீச்சர், அவ என்ன நெனைக்கிறான்னு எனக்குத் தெரியும்னு பெருமையா இருந்தேன். எனக்கு மட்டுந்தானே தெரியும்? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, தாகத்தோட உக்காந்திருப்பாளே டீச்சர். யாருக்கும் தெரியாதே."

என்ன சமாதானம் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறியிருப்பேன்.

அடுத்த வாரமே காத்திருக்கும் பாடத்தை ஆரம்பித்தேன். முறை எளிதுதான். பிள்ளைக்குப் பிடித்ததை உன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள், அவள் அதைப் பார்க்கும்போது உன்னையும் பார்க்கட்டும். 'வேணுமா, வேணுமா' என்று நச்சரிக்காதே. 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்தாதே. வாயை மூடிக்கொண்டு காத்திரு. அவள் உன்னை ஒரு பார்வை பார்த்தாலும், ஒரு சத்தம் கொடுத்தாலும், கையை ஆட்டினாலும் கேட்டதாகவே எடுத்துக்கொள். உடனே கொடு. கொஞ்சமாகக் கொடு, மறுபடி கேட்க இடம் வேண்டும். பழத்தை ஒரு கடி அளவுக்கு நறுக்கி வைத்தேன்.

பெரியப்பா தட்டைப் பார்த்தார். "குரங்குக்குப் போடுறப்பக்கூட முழுப் பழமாத்தான் போடுவோம் டீச்சர்."

"கேட்டாத் தரலாங்க. மறுபடி மறுபடி கேக்கட்டும்."

"பச்சப்புள்ளையக் கெஞ்ச வுடச் சொல்றீங்களா? எங்க வீட்ல நடவுக்கு வர்றவங்களக்கூடச் சாப்புடுறியான்னு கேட்டதில்ல. கேக்காம கொண்டாந்து வச்சாத்தான் சாப்பாடு. கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு வேற."

அவர் சொன்னது எங்கள் ஊர் தர்மம், என் வீட்டிலும் அதே கதைதான். மேடத்திடம் போய்க் கையை விரித்தேன். மறுவாரம் அவரே வந்தார்.

வந்தவர் நேராகப் போய் யாழினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வாழைப்பழம் என்றார் பெரியப்பா. பால்கோவா என்றார் பெரியம்மா. சூடான இட்லி என்றாள் சுகன்யா. மூன்று பேருக்கும் அங்கேயே வாக்குவாதம் முற்றியது. மேடம் என் காதில், "அவங்கவங்களுக்குப் பிடிச்சத அவங்கவங்க சொல்றாங்க" என்றார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் குறுவை போடுறீங்களாய்யா?"

"மேட்டூர் தொறந்தாப் போட வேண்டியதுதான்."

"தொறந்த அன்னைக்கே தண்ணி உங்க வயலுக்கு வந்துருமா?"

"அது எப்படிங்க வரும்? மேட்டூரு, பவானி, ஈரோடு, கொடுமுடி, குளித்தலை, முக்கொம்பு, கல்லணை, அதுக்கப்புறம் திருக்காட்டுப்பள்ளி, குடமுருட்டி, நம்ம வாய்க்கா, நம்ம மடை... அது பாட்டுக்கு மெதுவாத்தான் வரும். அவசரப்பட்டா ஆவுமா?"

"அவ்வளவு தண்ணிக்கே காத்திருக்கீங்க. இந்தப் புள்ள மனசுலேர்ந்து ஒரு வார்த்த கெளம்பி வெளிய வர்றதுக்குக் காத்திருக்க மாட்டீங்களா? பழத்தக் கையில வச்சுக்கிட்டு, மனசுக்குள்ள மேட்டூர்லேர்ந்து மடை வரைக்கும் வாங்க. அதுவரைக்கும் குடுக்காதீங்க. நடுவுல அவ கேட்டுட்டா அங்கயே குடுத்துருங்க."

பெரியப்பா மீசையை நீவினார். தண்ணீர்க் கணக்கில் பேசிய ஆளை அவரால் மறுக்க முடியவில்லை.

மனசுக்குள் என்று மேடம் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. வாய்க்கால் கேட்கும் குரலில், ஒவ்வொரு ஊருக்கும் தொடையில் ஒரு தட்டு தட்டி, "மேட்டூரு! பவானி! ஈரோடு!" என்று ஆரம்பித்துவிட்டார். "நம்ம மடை!" என்று முடிக்கும்போது பழத்துண்டு யாழினி வாயில் இருக்கும். அவளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்ப்பாள். எதற்குக் கேட்க வேண்டும்? ஈரோடு வந்தால் கொடுமுடி வரும், மடை வந்தால் பழம் வரும். ஒரு சொல் செலவில்லாமல் காவேரியே நடந்து வந்து வாயில் பாய்கிறது.

பெரியம்மா முக்கொம்பு வரைக்கும் தாக்குப்பிடிப்பார். சுகன்யாதான் தேறவே மாட்டேன் என்றாள். மேட்டூர் என்று நினைக்கும்போதே கை நீண்டுவிடும். "உன் அணைக்கு மட்டும் ஷட்டரே வைக்கல போலருக்கு" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். அப்புறம் முகம் வாடிவிடும். சித்திரை கழிந்து வைகாசியும் நடந்துகொண்டிருந்தது. பள்ளி திறக்க நாள் நெருங்க நெருங்க எனக்கும் உள்ளூர உதறல்தான்.

அன்றைக்கு நான் கூடத்தில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடையைத் தட்டித் தட்டி, குளித்தலை, முக்கொம்பு, கல்லணை வரைக்கும் வந்தார். போன் அடித்தது. உழவுக்கு டிராக்டர் சொல்லியிருந்த ஆள். காதில் வைத்துக்கொண்டு, வண்டி ஏன் வரவில்லை என்று அவரைத் திட்ட ஆரம்பித்தார்.

யாழினி காத்திருந்தாள். பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய தொடையைப் பார்த்தாள். பிறகு தன் குட்டிக் கையை ஓங்கி அதில் ஓர் அறை விட்டாள்.

"திருக்காட்டுப்பள்ளி" என்றார் பெரியப்பா, போனிலேயே. அனிச்சையாக வந்துவிட்டது. பிறகு மறுபடி டிராக்டர்.

இன்னொரு அறை. மறுபடி அவர் முகத்தை ஒரு பார்வை.

"குடமுருட்டி... யோவ், ஒனக்குச் சொல்லலய்யா, நீ வண்டிய நேரா நம்ம வயலுக்கு வுடு!"

நான் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஐயா, அவ கேக்குறா! கேக்குறாங்க!" என்று கத்தினேன். என்ன ஏது என்று புரியாமல் டிராக்டர்காரர் போனை வைத்துவிட்டார். பெரியப்பா மெல்லத் தன் தொடையைப் பார்த்தார். குடமுருட்டிக்கு அப்புறம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். யாழினி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓங்கித் தட்டினாள்.

"நம்ம வாய்க்கா" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன். "பழம் பிடிக்கும், பால்கோவா பிடிக்கும்னு எல்லாரும் சண்டை போட்டாங்களே, அவளுக்குப் பிடிச்சது அந்த ஆளு சொல்ற பாட்டுதான். அதைப் பாதியில நிறுத்திட்டாக் கேக்கத்தானே செய்வா?" என்றார். அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. முதலில் கல்லணையில் நிறுத்தச் சொன்னார். பிறகு ஈரோட்டில், பிறகு மேட்டூரிலேயே. அப்புறம் ஊர்ப் பெயரே இல்லாமல் பழத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார், தட்டினால் உடனே கொடுக்க வேண்டும். பழத்துக்குத் தட்டியவள் பாலுக்குத் தட்டினாள், தண்ணீருக்குத் தட்டினாள், கதவைத் திறக்கத் தட்டினாள். பெரியப்பா தொடைக்குப் பதில் தரையை, பலகையை, மேசையைத் தட்டப் பழக்கினோம். "என் தொடை தப்பிச்சுது" என்றார் அவர். வாய்தான் அப்படிச் சொன்னது, பிள்ளை பக்கத்தில் வந்தால் தொடையைத்தான் நகர்த்தி வைப்பார்.

பள்ளிக்கூடம் திறந்தது. அந்த வருஷம் மேட்டூரையும் காலத்தில் திறந்தார்கள், ஆனால் பெரியப்பா வயலுக்குப் போகவில்லை. அவரும் சுகன்யாவும் நானும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். தலைமையாசிரியை எங்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். வெயில் ஏறியது. யாழினியின் புருவம் சுருங்கியது. சுகன்யாவின் கால் தானாக ஓர் அடி முன்னே போனது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

யாழினி பெஞ்சை ஓங்கித் தட்டினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆயா வந்து அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தன் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாள். ஆயா மூடியைத் திறந்து கொடுத்தார். குடித்துவிட்டு, சட்டையில் பாதியைக் கொட்டிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனைப் பிடித்து இழுத்தாள்.

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சுகன்யா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னைத் தேடவே இல்ல டீச்சர்."

"அதுக்குத்தானேடி இத்தன பாடு பட்டோம்?"

"ஆமா டீச்சர்" என்றாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் அவர்களோடு வீட்டுக்குப் போனேன். யாழினி கூடத்துப் பாயில் போய் உட்கார்ந்து தட்டினாள். சுகன்யா தண்ணீரோடு ஓடினாள். பிள்ளை தள்ளிவிட்டாள். மறுபடி தட்டினாள். பிஸ்கட் வந்தது, அதையும் தள்ளினாள். பால் வந்தது. பெரியப்பா தொடையை நீட்டிக்கொண்டு "மேட்டூரு!" என்று ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு தள்ளு கிடைத்தது. சுகன்யாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருவம் சுருங்கவில்லை, காதைத் தேய்க்கவில்லை, காலைப் பின்னவில்லை. பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து முதல்முறையாக அவள் மனதில் என்ன இருக்கிறது என்று சுகன்யாவுக்குத் தெரியவில்லை.

"என்னடி வேணும் ஒனக்கு?" என்றாள்.

அந்த வீட்டில் அவளைப் பார்த்து யாரும் அதுவரை கேட்காத கேள்வி.

கேட்டுவிட்டு, பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை நீளவில்லை. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரோடு. கொடுமுடி. குளித்தலை. முக்கொம்பு தாண்டியது. கல்லணை தாண்டியது. பெரியப்பா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

யாழினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் காலியாக இருந்த பாயை, உள்ளங்கையை விரித்து, இரண்டு முறை தட்டினாள்.

சுகன்யா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.